உண்ணும் அறையில் கடல்: மீன் உணவகங்களின் உள்ளமைப்பு பற்றி ஓர் ஆய்வு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திறந்தாலும் சரி, கடலே தெரியாத கோவையின் வணிக வளாகத்தில் திறந்தாலும் சரி, புதிய மீன் உணவகம் பெரும்பாலும் ஒரே முகத்தோடுதான் வருகிறது. கூரையில் நைலான் வலை தொங்கும். சுவரில் சுக்கான் சக்கரம், வாசலில் ஃபைபரில் வார்த்த நங்கூரம், ஃபால்ஸ் சீலிங்கின் ஓரமெல்லாம் நீல எல்.இ.டி. பட்டை. கழுவுமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன்தொட்டி, அதற்குள் சாயம் ஏற்றிய பவளத் துண்டுகள். இதற்கெல்லாம் நிறையப் பணம் செலவாகிறது, நல்ல தச்சர்களின் உழைப்பும் போகிறது. அப்படியிருந்தும் சாப்பிட உட்கார்ந்தவருக்குக் கடல் ஓரடிகூட நெருங்கி வருவதில்லை.

கடலை ஓர் அறைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பது நூறாண்டுக்கும் மேலாகப் பல ஊர்களில் முயன்று பார்த்த கேள்வி. நியூயார்க்கின் சுரங்கத் தளம், பாரிஸின் பளிங்குக் கூடம், மாலத்தீவின் கடலடி, நார்வேயின் பாறைக்கரை என்று விடைகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தபின் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலின் படத்தை ஒட்டிவைத்த அறைகள் சீக்கிரமே பழசாகிவிட்டன. மீனுக்கும் அதைச் சமைப்பவருக்கும் உண்பவருக்கும் வேண்டியதைச் செய்துகொடுத்த அறைகள் நின்றன. அழகும் அவற்றில்தான் கூடுதலாக இருக்கிறது.

வலையும் மிதவையும் உணவகச் சுவருக்கு வந்த கதையிலிருந்து தொடங்கலாம். 1930களில் ஹாலிவுட்டில் ‘டான் தி பீச்காம்பர்’ என்ற மதுக்கூடமும், கொஞ்ச காலத்திலேயே ஓக்லண்டில் ‘டிரேடர் விக்ஸ்’ என்ற உணவகமும் பசிபிக் தீவு வேடத்தைப் போட்டுக்கொண்டன. மூங்கில், ஓலை, ஜப்பானிய மீனவர்களின் கண்ணாடி மிதவைகள், பழைய வலைகள் எல்லாம் அங்கே அலங்காரமாயின. இவை மீனுக்காகத் திறந்த கடைகள் அல்ல. அங்கே விற்றது ரம்மும் சீனச் சாயல் உணவும், அதோடு சேர்த்துத் தீவுக் கனவும். இரண்டாம் உலகப்போர் முடிந்து பசிபிக்கிலிருந்து சிப்பாய்கள் திரும்பியபோது அந்தக் கனவு அமெரிக்கா முழுவதும் பரவியது. 1968இல் ஃபுளோரிடாவின் லேக்லண்டில் ரெட் லாப்ஸ்டர் என்ற மீன் உணவகச் சங்கிலி தொடங்கியது. மறு ஆண்டே கடற்கரையே இல்லாத கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் லாங் ஜான் சில்வர்ஸ் தொடங்கியது. கடலைப் பார்த்திராத ஊரில் மீன் விற்க வேண்டுமென்றால் ‘இது கடல்’ என்று சுவரில் எழுதித்தான் ஆகவேண்டும். அந்தச் சங்கிலிக் கடைகளின் தேவைக்காக மீனுக்கு வந்துசேர்ந்த வேடத்தைத்தான் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாடு இன்று இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறது.

அதே பொருள் தன் இடத்தில் இருந்தால் பொய்யாக இருக்காது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையில் சிங்கிறால் பொறி வைப்பவர் ஒவ்வொருவருக்கும் தமக்கென்று ஒரு மிதவை வண்ணம் உண்டு. அந்த வண்ணத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும், படகிலும் அதைக் காட்ட வேண்டும். கடலில் மிதக்கும் ஆயிரக்கணக்கான மிதவைகளில் எது யாருடைய பொறி என்று தெரிவது அதனால்தான். அங்கே கரையோரக் கொட்டகைச் சுவரில் தொங்கும் பழைய மிதவைகளைப் பார்த்து ஊர்க்காரர் ‘இது இன்னாருடையது’ என்று சொல்லிவிடுவார். அந்தச் சுவர் ஊரின் பதிவேடு. அதையே மொத்த விலைக்கு வாங்கி வேறொரு நகரத்து வளாகத்தில் மாட்டினால் வண்ணம் மட்டும் மிஞ்சுகிறது, ஆள் காணாமல் போகிறார்.

நம் கரையிலும் படகின் பக்கவாட்டில் பதிவெண் இருக்கிறது, பெயர் இருக்கிறது, பெரும்பாலும் ஒரு தெய்வத்தின் பெயரோ வீட்டுப் பெண்ணின் பெயரோ இருக்கிறது. உணவக அலங்காரத்தில் அந்தப் பெயர்கள் எங்கும் தட்டுப்படுவதில்லை. நெற்றி சுருங்கிய முதிய மீனவரின் பெரிய கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் இருக்கும். அவர் யார், எந்தக் குப்பம் என்று கீழே ஒரு வரி இருக்காது. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

வலையில் வேறொரு சிக்கலும் உண்டு, அது உயிர் சம்பந்தப்பட்டது. நைலான் வலை, பிளாஸ்டிக் கயிறு, ஓலைத் தட்டி, தெர்மாகோல் பாறை எல்லாம் எளிதில் தீப்பற்றும், உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். 1942 நவம்பரில் பாஸ்டனில் கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். வெப்பத் தீவு வேடம் போட்ட விடுதி அது. செயற்கைத் தென்னைகளும் கூரையை மூடிய துணியும் தீ அத்தனை வேகமாகப் பரவ உதவின. சுழல் கதவில் நெரிந்தும், திறக்க முடியாத கதவுகளுக்குப் பின்னே சிக்கியும் மக்கள் மாண்டார்கள். அமெரிக்காவில் பொது இடங்களின் தீத்தடுப்பு விதிகள் இறுகியதற்கு அந்த இரவு ஒரு முக்கியக் காரணம். எண்ணெய்ப் புகை ஏறிய வலையைக் கூரையில் தொங்கவிட்டு, அதற்கடியில் தந்தூரி அடுப்பு வைத்திருக்கும் எந்த உணவகமும் இதை அறிந்திருக்க வேண்டும்.

இனி, நின்று நிலைத்த அறைகள். இவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அடித்தளத்தில் 1913 முதல் ‘ஆய்ஸ்டர் பார்’ என்ற சிப்பி உணவகம் இருக்கிறது. தலைக்கு மேல் அலையலையாக வளைந்த ஓட்டுக்கூரை. கட்டலோனியாவிலிருந்து 1881இல் குடியேறிய ரஃபேல் குவாஸ்டவினோ அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த முறை அது. மெல்லிய சுட்ட ஓடுகளை அடுக்கடுக்காகச் சாந்தில் ஒட்டி, இரும்பு உத்தரம் இல்லாமலே வளைவை நிறுத்துவார்கள். தீ பிடிக்காது என்பதுதான் அன்று அதன் பெரிய விளம்பரம். தந்தை 1908இல் இறந்தபின் மகனின் காலத்தில் கட்டியது இந்தக் கூடம். வளைவுகளின் விளிம்பில் வரிசையாகச் சிறு விளக்குகள். அந்தக் கூரையில் மீனோ அலையோ வரையப்படவில்லை. ஆனால் உள்ளே நுழைகிறவருக்கு ஈரமான, குளிர்ந்த, வளைந்த ஏதோ ஓர் ஓட்டுக்குள் வந்துவிட்ட உணர்வு வருகிறது. 1997இல் அங்கே தீப்பிடித்து ஓடுகள் சேதமானபோது அவற்றை மாற்றிப் பதித்து அதே கூரையை மீட்டார்கள். அலங்காரமாக மட்டும் இருந்திருந்தால் அந்தச் செலவை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

நியூ ஆர்லியன்சில் ‘கசமெண்டோஸ்’ 1919இல் திறந்தது. இத்தாலியின் உஸ்டிகா தீவிலிருந்து வந்த ஜோ கசமெண்டோ தரை, சுவர் எல்லாவற்றிலும் ஓடு பதித்தார். கழுவ எளிது, சுத்தமாக இருக்கும் என்பதே அவர் எண்ணம். சிப்பி உடைக்கும் இடத்தில் அதன் ஓட்டுத் துண்டும் உப்பு நீரும் சேறும் தெறிக்கும். அதை நாளுக்குப் பலமுறை கழுவித் தள்ள வேண்டும். அந்தத் தேவை அந்தச் சிறு அறைக்கு ஒரு பளபளப்பைக் கொடுத்தது, இன்று உலகெங்கிலுமிருந்து வடிவமைப்பாளர்கள் போய் அதைப் படமெடுக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடை மாதங்களில் கசமெண்டோஸ் மூடிக்கிடக்கும். சிப்பி நன்றாக இல்லாத காலத்தில் கடை நடத்துவதில்லை என்ற மரபு அது. இந்த மரபுக்குப் பின்னால் மீண்டும் வருகிறேன்.

சான் பிரான்சிஸ்கோவின் ஸ்வான் ஆய்ஸ்டர் டிப்போ 1912இலிருந்து நடக்கிறது. நீண்ட ஒரு பளிங்கு மேடை, 18 முக்காலிகள், அவ்வளவுதான். பளிங்கு அங்கே ஆடம்பரத்துக்காக வரவில்லை. குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும் கல் என்பதால் பழைய மீன்கடைகளெல்லாம் அதைப் பயன்படுத்தின. எலுமிச்சைச் சாறு பட்டுப் பட்டு அத்தகைய மேடைகள் மங்கும், அந்த மங்கலும் வயதைச் சொல்லும்.

செல்வந்தர்களுக்கான மீன் உணவகமும் நேர்மையாக இருக்க முடியும் என்பதற்குப் பாரிஸின் ‘புருனியே’ சான்று. 1925இல் விக்டர் ஹியூகோ அவென்யூவில் கட்டடக் கலைஞர் பொய்லோவின் வடிவமைப்பில் எழுந்தது. முகப்பில் நீலமும் பச்சையும் கலந்த மொசைக், உள்ளே கறுப்புப் பளிங்கு, அதில் பதித்த பொன்னிற வட்டங்கள். நீரில் எழும் குமிழி என்று நினைத்தால் குமிழி, வெறும் கோலம் என்று நினைத்தால் கோலம். கடலை அப்படியே நகலெடுக்காமல் அதன் ஒளியையும் ஆழத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1989இல் பிரான்ஸ் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. நியூயார்க்கின் ‘லெ பெர்னார்டின்’ என்ற மீன் உணவகம் 2011இல் அறையைப் புதுப்பித்தபோது வேறொரு வழியை எடுத்தது. ரான் ஆர்ட்னர் வரைந்த 24 அடி நீளமுள்ள மூன்று பாக ஓவியம் ஒரு சுவர் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதில் படகு இல்லை, மீன் இல்லை, கரைகூட இல்லை. கொந்தளிக்கும் நீர் மட்டுமே. கடலைப் படமாக வைத்தே தீரவேண்டும் என்றால் இப்படி ஒரே படமாக, தலைசிறந்த படமாக வைக்கலாம். நூறு சில்லறைப் பொம்மைகளைவிட அது மேல்.

நேரே கடலுக்குள்ளேயே போய்விட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. மாலத்தீவின் ரங்காலி தீவில் 2005 ஏப்ரலில் திறந்த ‘இத்தா’ கடல்மட்டத்துக்கு 5 மீட்டர் கீழே இருக்கிறது. 14 பேர் உட்காரலாம். அக்ரிலிக் வளைவுக்கு வெளியே பவளத்திட்டும் திருக்கையும். சிங்கப்பூரில் உருவாக்கிக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய கூடு அது. பார்க்கப் பிரமிப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே உணவு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. கூரைமேல் சுறா நீந்தும்போது தட்டை யார் பார்ப்பார்கள்? துபாயின் புர்ஜ் அல் அரபில் பெரிய மீன்தொட்டியைச் சுற்றி மேசை போட்ட உணவகத்துக்கும் இதைச் சொல்லலாம். அங்கே தொடக்கக் காலத்தில் நீர்மூழ்கியில் இறங்குவதுபோல் ஒரு பாவனைப் பயணம்கூட வைத்திருந்தார்கள்.

நார்வேயின் தென்கோடியான லிண்டெஸ்னெஸில் 2019 மார்ச்சில் திறந்த ‘அண்டர்’ இதே யோசனையை வேறு மனத்தோடு அணுகியது. ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்தது. பாறைக்கரையிலிருந்து சரிந்து கடலுக்குள் இறங்கும் 34 மீட்டர் நீளக் கான்கிரீட் குழாய், அதன் அடியில் 11 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் உயரமும் உள்ள ஒற்றைச் சன்னல். கான்கிரீட்டின் வெளிப்புறத்தை வேண்டுமென்றே சொரசொரப்பாக விட்டார்கள். சிப்பிகள் ஒட்டி வளர்ந்து நாளடைவில் கட்டடமே ஒரு செயற்கைத் திட்டாக வேண்டும் என்பது எண்ணம். உள்ளே மேல்தளத்தில் ஓக் மரம். இறங்க இறங்க கூரைத் துணியின் நிறம் அந்திச் சிவப்பிலிருந்து கடலடிப் பச்சைநீலமாக மாறிக்கொண்டே போகிறது. அந்தத் துணி அழகுக்கு மட்டுமன்றி ஓசையை உள்வாங்கவும் பயன்படுகிறது. கடல் ஆய்வாளர்களும் அந்தச் சன்னலைப் பயன்படுத்துகிறார்கள். கடலை ஒரு காட்சிப்பொருளாக வைக்காமல் அண்டைவீட்டாராக நடத்துகிறது இந்தக் கட்டடம். வட அட்லாண்டிக்கின் மங்கிய நீரில் பல நாள் சன்னலில் பாசியும் கலங்கலும்தான் தெரியும், அதையும் மறைக்கவில்லை.

ஸ்பெயினில் சமையல்காரர் ஆங்கெல் லியோன் தம் ‘அபோனியென்டே’ உணவகத்தை 2015இல் ஒரு பழைய மாவு ஆலைக்குள் கொண்டுபோனார். கடல் ஏற்ற வற்றத்தால் ஓடிய ஆலை அது, சுற்றிலும் உப்பளச் சதுப்பு. புதிதாகக் கடல் வேடம் போட அங்கே தேவை இருக்கவில்லை, கட்டடமே கடலால் பிழைத்த கட்டடம்.

நமக்குப் பக்கத்தில் கொழும்பில் 2011 டிசம்பரில் திறந்த ‘மினிஸ்ட்ரி ஆஃப் கிராப்’ எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. தர்ஷன் முனிதாச சமையல்காரர், கிரிக்கெட் வீரர்கள் மகேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் பங்குதாரர்கள். 17ஆம் நூற்றாண்டு டச்சு மருத்துவமனையின் தடித்த சுவர்களும் மர உத்தரங்களும் அப்படியே இருக்கின்றன. அலங்காரம் என்று கண்ணில் படுவது நண்டுகளின் எடை வரிசையைச் சொல்லும் பலகைதான். அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை எந்த அளவு இருக்கிறது, எது இல்லை என்று அது சொல்லிவிடும். உறைபெட்டியே வைப்பதில்லை என்பது அவர்களின் கொள்கை. இலங்கையின் நல்ல நண்டெல்லாம் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகிவிடுகிறதே என்ற ஆதங்கத்தில் தொடங்கிய கடையில் நண்டைப் பற்றிய உண்மைத் தகவல்தான் சுவரை நிறைக்க வேண்டும்.

மீனைக் காட்டுவதிலேயே இரண்டு பள்ளிகள் உண்டு. மான்ட்ரியலில் 1979இல் கோஸ்டாஸ் ஸ்பிலியாடிஸ் தொடங்கிய ‘மிலோஸ்’ கிரேக்கச் சந்தைபோல் ஐஸ் குவித்து அதன்மேல் முழு மீன்களைப் பரப்பியது. உண்பவர் எழுந்து போய்த் தேர்ந்தெடுப்பார். சிட்னியின் சமையல்காரர் ஜோஷ் நிலண்ட் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்: நீரும் ஐஸும் மீனின் தோலைக் கெடுக்கும், குளிரறையில் காயத் தொங்கவிடுங்கள் என்று. எந்தப் பள்ளியானாலும் நடுவில் இருப்பது மீன். நம்மூர் மீன் உணவகங்களில் பல இடங்களில் தட்டில் அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து காட்டும் வழக்கம் இருக்கிறது. வஞ்சிரத் துண்டு, சங்கரா, கொடுவா, இறால், நண்டு என்று காட்டி, எடை சொல்லி, விலை பேசி, ‘வறுக்கவா, குழம்பா’ என்று கேட்பார்கள். இதைவிடச் சிறந்த உள்ளலங்காரம் ஏது? அந்த வழக்கத்துக்கு ஒரு நல்ல மேடை கட்டித் தரத்தான் நம் வடிவமைப்பாளர்கள் மறந்துவிட்டார்கள்.

பவளம், சங்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே ரசனை மட்டும் பிழைபடவில்லை, சட்டமும் மீறப்படுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001ஆம் ஆண்டு கடலுயிர்கள் பல சேர்க்கப்பட்டன. திட்டு கட்டும் பவளங்கள் எல்லாம், கறுப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை, டிரைட்டன் சங்கு, நாட்டிலஸ், பெருஞ்சிப்பி வகைகள் எல்லாம் அதில் அடக்கம். செத்த பவளம்தானே, கடற்கரையில் கிடந்ததுதானே என்பது சட்டத்தின் முன் நிற்காது. முதல் பட்டியலில் உள்ள உயிர்கள் தொடர்பான குற்றங்களுக்கு 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டுவரை சிறை உண்டு. மீன்தொட்டியிலும் வரவேற்பு மேசையிலும் இவற்றை வைத்திருக்கும் உரிமையாளர்களில் பலருக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன். அலங்காரப் பொருள் விற்றவர் சொல்லியிருக்க மாட்டார்.

சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் நமக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளுக்காக 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்குக் கீழே. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பதிற்றாண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்தது அதற்குப் பெரிய காரணம். 1964 புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரில் அந்தப் பவளக்கற்களை இப்போதும் காணலாம். அன்று வேறு கல் இல்லாத ஊரில் வீடு கட்ட எடுத்தார்கள். அந்தக் கரையைச் சேர்ந்த மாநிலத்தில் இன்று அழகுக்காக ஒரு பவளத்துண்டை மேசையில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, அலங்காரப் படப்புத்தகங்களில் வராத சில நடைமுறைச் செய்திகள்.

ஒளி. நீருக்குள் முதலில் அணைந்துபோகும் நிறம் சிவப்பு. 10 மீட்டர் இறங்கினாலே ஏறக்குறைய மறைந்துவிடும். நீல விளக்குப் போட்ட உணவகத்தில் நடப்பதும் அதுதான். மீன் குழம்பின் மிளகாய்ச் சிவப்பு கறுத்துப்போகும், வறுத்த நெத்திலியின் பொன்னிறம் சாம்பலாகும், வாழையிலையின் பச்சை செத்துப்போகும். மேற்கத்திய வெள்ளைச் சாறு ஊற்றிய மீன் நீல ஒளியை ஓரளவு தாங்கலாம். புளியும் மிளகாயும் மஞ்சளும் சேர்ந்த நம் சமையலுக்கு அது பகை. மேசைக்கு மேல் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான வெதுவெதுப்பான ஒளி, நிறங்களை உள்ளபடி காட்டும் குறியீடு 90க்கு மேல் உள்ள விளக்கு, இவைதான் வேண்டும். மீன் வைத்திருக்கும் ஐஸ் மேடைக்கு மேல் தூய வெள்ளை ஒளி. சிவப்புச் சாயமிட்ட விளக்கை அங்கே போட்டால் வாடிய செவுளும் புதிதாகத் தெரியும், அது மோசடி. நீலம் பிடிக்கும் என்றால் வெளிவாசலில் வைத்துக்கொள்ளலாம், கதவுச் சட்டத்தில் பூசிக்கொள்ளலாம்.

நாற்றம். மீன் உயிரிழந்தபின் நுண்ணுயிர்கள் அதன் சதையிலுள்ள ஒரு பொருளை டிரைமெத்திலமீனாக மாற்றுகின்றன, கவுச்சி வாடைக்குப் பெருங்காரணம் அது. காரத்தன்மை உள்ளது என்பதால் எலுமிச்சையும் புளியும் அதை அடக்குகின்றன. அறையின் சுவரில் எலுமிச்சை பிழிய முடியாது. சமையலறைக் காற்று உண்ணும் அறைக்குள் வராமல், உண்ணும் அறைக் காற்று சமையலறை வழியாக வெளியே போகும்படி விசிறிகளை அமைக்க வேண்டும். தரை, சாக்கடையை நோக்கிச் சரியான வாட்டத்தில் இருக்க வேண்டும். இங்கேயும் வலை, சணல் கயிறு, கோணித் துணி, ஓலை எல்லாம் எதிரிகள்தாம். அவை எண்ணெய்ப் புகையையும் வாடையையும் குடித்து வைத்துக்கொண்டு, அடுத்த நாள் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஓடும் பளிங்கும் பதித்த பழைய சிப்பிக் கடைகள் ஏன் நூறாண்டாக நாறாமல் இருக்கின்றன என்பதற்கு விளக்கம் வேறு வேண்டாம்.

உப்பு. கடற்கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் கடை என்றால், சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரக எவர்சில்வர் புள்ளிபுள்ளியாகத் துருவேறும். மாலிப்டினம் இரண்டு முதல் மூன்று விழுக்காடு கலந்த 316 ரகம் தாங்கும், விலை கூடுதல். நாற்காலிக் கால், கதவுக் கீல், விளக்குத் தாங்கி எதிலெல்லாம் கை வைக்கிறோமோ அதிலெல்லாம் இதைப் பார்க்க வேண்டும்.

ஓசை. கழுவத்தக்க அறை கடினமான அறை, கடினமான அறையில் சத்தம் எதிரொலிக்கும். கிராண்ட் சென்ட்ரலின் ஆய்ஸ்டர் பார் கூடத்துக்கு வெளியே உள்ள ஓட்டு வளைவின் ஒரு மூலையில் முணுமுணுத்தால் எதிர்மூலையில் கேட்கும், அந்தப் பண்புதான் உள்ளே கூட்டம் சேர்ந்தால் இரைச்சலாகிறது. அண்டரில் கூரைத் துணி செய்யும் வேலையை நம்மூரில் தீத்தடுப்பு ஏற்றிய துணிப் பலகைகளோ துளையிட்ட மரப்பலகைகளோ கூரையில் செய்யலாம். எட்டாத உயரத்தில், அடுப்பிலிருந்து தள்ளி.

நம் கரைக்கு எது பொருந்தும் என்று கேட்டால், கண்ணெதிரே இருக்கும் பொருள்களிலிருந்தே தொடங்குவேன். கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருந்த கலை. செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்கள் இன்றும் அதற்குச் சாட்சி. கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் கறுப்பு மட்டி அள்ளுகிறவர்கள் சதையை உணவுக்கும் ஓட்டைச் சுண்ணாம்புக்கும் விற்கிறார்கள். மட்டியைத் தின்ற கையால் அதன் ஓட்டைச் சுவரில் பூசுவதைவிட நெருக்கமாகக் கடலை ஓர் அறைக்குள் கொண்டுவர முடியுமா? எரித்தெடுக்கும் சிப்பி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும். ஏரிப்படுகையைத் தோண்டி எடுத்த சிப்பியாக அது இருக்கக் கூடாது.

ஆத்தங்குடிக் கல் இடுப்புயரம்வரை சுவரில் பதிக்க ஏற்றது. கடல் நிறங்களே வேண்டுமென்றால் அதில் கேட்டு வாங்கலாம், கைவினைஞர்கள் வண்ணம் கலந்து கொடுப்பார்கள். சிமெண்டுக் கல் என்பதால் புளிக்கும் எலுமிச்சைக்கும் அது ஆகாது, சமையலறையிலும் மேசையிலும் போடவேண்டாம். கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக் கல்தான், புளிப்புப் பட்டால் வெளிறும். மேசைக்குக் கிரானைட்டே நல்லது, அது மலிவும்கூட. கூரைக்குப் பனங்கை, சாய்மானங்களுக்கும் கூடைகளுக்கும் மணப்பாட்டு ஓலைப்பின்னல். அடுப்பங்கரையிலிருந்து தள்ளி, கழற்றி வெயிலில் காயப்போடக்கூடிய அளவில் இவற்றைப் பயன்படுத்தினால் குறையில்லை. பழைய வள்ளத்தின் பலகை கிடைத்தால் வாங்கலாம், அதன் உரிமையாளர் பெயரையும் படகின் பெயரையும் அதிலேயே எழுதி வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெரிய கரும்பலகை. இன்றைய வரத்து என்ன, எந்தத் துறையிலிருந்து வந்தது, காசிமேடா கடலூரா நாகையா பாம்பனா, விசைப்படகா நாட்டுப்படகா என்று தினமும் காலையில் எழுத வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகா, சிறு நாட்டுப்படகுகள் மட்டும் போகும். அந்த இரண்டு மாதமும் உணவுப்பட்டியல் மாறாமல், வஞ்சிரமும் வவ்வாலும் அதே விலையில் கிடைத்துக்கொண்டிருந்தால் அவை எங்கிருந்து வருகின்றன என்று உண்பவர் கேட்க உரிமை உண்டு. கோடையில் கதவைச் சாத்தும் கசமெண்டோஸ் அளவுக்குப் போக வேண்டியதில்லை. ‘தடைக்காலம், இன்று நாட்டுப்படகு மீன் மட்டும்’ என்று பலகையில் ஒரு வரி போதும். மத்தியும் நகரையும் சூடையும் அப்போது மரியாதை பெறும். கடலுக்கு ஓய்வு உண்டு என்று அந்த அறை சொல்லிவிடும், எந்த நங்கூரமும் இதைச் சொன்னதில்லை.

மீன் உணவகம் திறக்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. கையில் இருக்கும் பணத்தை முதலில் தரை வாட்டத்திலும் சாக்கடையிலும் காற்றுப்போக்கிலும் போடுங்கள். அடுத்து ஐஸ் மேடையும் அதன்மேல் நல்ல விளக்கும். மூன்றாவதாகச் சுவர்ப்பூச்சு. பிறகும் மிச்சமிருந்தால் உங்களுக்கு மீன் தரும் குப்பத்தில் படம் வரையத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, உரிய கூலி கொடுத்து, ஒரு சுவரை ஒப்படையுங்கள். அவர் வரைந்ததன் கீழே அவர் பெயரை எழுதச் சொல்லுங்கள்.